கொன்சோலா, கணினியா, வி.ஆர். கண்ணாடியா? திருகோணமலையில் முதல் தடவை வாங்குபவருக்கு

கேம் விளையாட என்ன வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளிலிருந்து வருகின்றன. அங்கே மின்சாரம் போவதில்லை, இணையத்துக்கு மாத எல்லை இல்லை, யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று அடிப்பதில்லை, இரவு நாடக நேரத்தில் அம்மா ரிமோட்டைக் கேட்பதுமில்லை. உப்புவெளியிலோ உவர்மலையிலோ இருந்துகொண்டு அந்தப் பதில்களை அப்படியே பின்பற்றினால், நல்ல சாமானை வாங்கியும் நிம்மதியாக விளையாட முடியாமல் போகலாம்.

கொன்சோல் (தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கேம் பெட்டி), கணினி, வி.ஆர். கண்ணாடி (முகத்தில் கட்டிக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே நிற்பது போல ஆடும் திரை) ஆகிய மூன்றிலும் விளையாடுகிறவன் நான். எது உயர்ந்தது என்ற சண்டை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது முதல் கேள்வி. படம் எவ்வளவு துல்லியம் என்பது கடைசிக் கேள்வி. கீழுள்ள படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

முதற்படி: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். சோனியின் பிளேஸ்டேஷன் 5 கொன்சோல் ஒரு கனமான விளையாட்டை ஓட்டும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். நாளுக்கு மூன்று மணிநேரம் என்றால் மாதத்துக்கு 18 அலகு. நடுத்தரக் கிராபிக்ஸ் அட்டை (விளையாட்டின் படத்தை உருவாக்கும் பாகம்) உள்ள கணினியும் திரையும் சேர்ந்தால் 300 வாட்டைத் தாண்டலாம். அது 27 அலகுக்கு மேல். இது சிறிய தொகை போலத் தெரியும். ஆனால் நமது மின்பட்டியல் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறுகிற முறையில் போடப்படுவது. ஏற்கெனவே 85 அலகில் நிற்கிற வீடு, மகனுடைய கேமால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். பட்டியலை எடுத்துப் பார்த்து, எல்லைக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கணக்குப் போட்ட பிறகு வீட்டில் பேச்சை எடுப்பது நல்லது. குவெஸ்ட் போன்ற தனித்தியங்கும் வி.ஆர். கண்ணாடி இந்த விடயத்தில் மிகச் சாது. கைப்பேசி சார்ஜர் அளவுதான் இழுக்கும்.

மின்வெட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது என்று அமைச்சரே சொன்னார். ஆகவே கணினி வாங்கினால் யூ.பி.எஸ். (மின்சாரம் நின்றாலும் சற்றுநேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) என்பதை விலையின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் 650 வி.ஏ. திறனுள்ள வகை, கேம் ஓடும் கணினியைச் சில நிமிடங்கள்தான் தாங்கும். அது தொடர்ந்து விளையாடுவதற்கானதல்ல. சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கானது. கொன்சோலுக்கும் இதே நியாயம் பொருந்தும், குறிப்பாக அது புதுப்பிப்பை நிறுவிக்கொண்டிருக்கும் வேளையில். ரவுட்டருக்கென்றே சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். தனியாக விற்கிறார்கள். அது மலிவு, உண்மையிலேயே பயன் தரும்.

இடி மின்னல் காலத்தில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் வானம் கறுத்தால் இதைச் செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

அடுத்தது உப்பு. கடலோர வீடுகளில் கேட் பிணைச்சல் துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே காற்றைத்தான் கொன்சோலின் விசிறி நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. கடல் பக்க யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதியும் சேர்ந்துகொள்ளும். வாடைக் காலத்தில் ஈரம். அணைத்து, சூடு ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது ஒருபோதும் மூடாதீர்கள். தொலைக்காட்சி அலுமாரியின் அடைத்த தட்டுக்குள் செருகி வைப்பது அழகாக இருக்கும், ஆனால் அந்த இயந்திரம் தன் சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இரண்டாம் படி: இணையத்தைக் கணக்கிடுங்கள்

இன்றைய பெரிய விளையாட்டுகள் 100 ஜி.பி.யைத் தாண்டுவதும் உண்டு, ‘பால்டர்ஸ் கேட் 3’ 150 ஜி.பி. இடம் கேட்கிறது. விநாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 ஜி.பி. இறங்கப் பதினொரு மணிநேரம் பிடிக்கும், அதுவும் இடையில் வேகம் குறையாவிட்டால். உங்கள் பொதியில் பகல், இரவு என்று பிரித்துத் தந்திருந்தால், தரவிறக்கத்தை நள்ளிரவுக்குப் பிறகு தொடங்குமாறு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலியில் நேரம் குறித்து வைக்கலாம். அதற்கென அமைப்பு உண்டு.

இணையவழிப் போட்டி விளையாட்டு ஆட விரும்பினால் வேகத்தைவிட நிலைத்தன்மை முக்கியம். போட்டியை நடத்தும் சேவையகங்களில் நமக்குக் கிட்டியவை பெரும்பாலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. விளையாட்டின் அமைப்பில் இரண்டையும் மாற்றிப் பார்த்து, பிங் (தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) குறைவாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்பு கிடைக்கிற தெருவில் இருந்தால் அதை எடுங்கள். 4ஜி ரவுட்டர்தான் என்றால், மாலையில் அயலில் எல்லோரும் காணொளி பார்க்கும் நேரத்தில் பிங் துள்ளும் என்பதை ஏற்றுக்கொண்டு, தனியாள் கதை விளையாட்டுகளின் பக்கம் சாய்வது மனநலத்துக்கு நல்லது.

மூன்றாம் படி: வீட்டில் யார் கூட விளையாடப் போகிறார்கள்?

தம்பி, தங்கை, மச்சான்மார், விடுமுறைக்கு வரும் சின்னம்மாவின் பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள் இருந்தால், என் வாக்கு கொன்சோலுக்கு. ஒரே சோபாவில் நாலு பேர் அமர்ந்து பந்து விளையாட்டு ஆடுவதில் இருக்கிற கூச்சலைக் கணினி மேசை தராது. ‘இட் டேக்ஸ் டூ’ (2021) போன்றவை இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாதபடி அமைக்கப்பட்டவை; கேம் பிடிக்காத அக்காவைக்கூட அது இழுத்து உட்கார வைக்கும். கிரிக்கெட் வெறியர்களுக்கு ‘கிரிக்கெட் 24’ இருக்கிறது. குறைகள் நிறைய இருந்தாலும் நம் வீடுகளில் அது ஓடும்.

பிளேஸ்டேஷன் எடுப்பவர் முதலில் அறிய வேண்டியது, சோனியின் இணையச் சேவை இலங்கையை ஒரு நாடாகவே பட்டியலில் வைத்திருக்கவில்லை என்பது. கணக்குத் திறக்கும்போது இலங்கை என்ற பெயர் வராது. இங்குள்ளவர்கள் இந்தியா, அமீரகம், அமெரிக்கா என்று வேறொரு நாட்டின் பெயரில் திறக்கிறார்கள். சோனியின் விதிப்படி அது சரியல்ல என்பதையும் அறிந்துகொண்டே முடிவெடுங்கள். ஒருமுறை தேர்ந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நம் வங்கி அட்டை அந்தக் கடையில் பெரும்பாலும் ஏற்கப்படாது. அந்த நாட்டுப் பரிசு அட்டை வாங்கித்தான் பணம் ஏற்ற வேண்டியிருக்கும். நம்பகமான உறவினர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டை யோசிப்பது நடைமுறைக்கு உதவும்.

டிஸ்க் போடும் வசதியுள்ள பதிப்பையே எடுங்கள். டிஸ்க் இல்லாதது கொஞ்சம் மலிவு, அந்த மலிவு இரண்டு விளையாட்டோடு போய்விடும். டிஸ்க்கை ஆடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம், கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் கொண்டுவரச் சொல்லலாம். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் அந்த விளையாட்டுக்குக் கூடுதல் பகுதி ஏதும் இணையத்தில் வாங்கினால், அது டிஸ்க் வந்த பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். மாமாவின் டிஸ்க்குக்கு அமீரகக் கணக்கில் வாங்கிய மேலதிகப் பகுதி பேசாமல் நிற்கும்.

இயந்திரமே வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால், பின்புறத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். பிளேஸ்டேஷன் 5 இல் அப்படித்தான் இருக்கிறது, வயரை மாற்றினால் போதும். பழைய கணினிகளின் மின்வழங்கியில் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். அது தவறான பக்கம் நின்றால் ஒரே வெடிதான்.

விலை இறங்கட்டும், பிறகு வாங்குவோம் என்று காத்திருப்பது பழைய புத்தி. முந்தைய தலைமுறைக் கொன்சோல்கள் வயதானால் மலியும். இந்தத் தலைமுறை தலைகீழாக நடக்கிறது: 2020 இல் அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஓகஸ்டில் 549 டொலராக ஏற்றப்பட்டது. பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் நல்ல நிலையிலுள்ள பழையதைத் தேடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் வாங்கிய விளையாட்டை இணையத்தில் மற்றவர்களுடன் ஆட, பிளேஸ்டேஷனிலும் மற்றக் கொன்சோல்களான எக்ஸ்பொக்ஸிலும் நின்ரெண்டோவிலும் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். ‘போர்ட்நைட்’ போன்ற இலவச விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை. கணினியில் இந்தச் சந்தா என்ற பேச்சே கிடையாது.

நான்காம் படி: கணினி என்றால் எந்தக் கணினி?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவர், பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறவர், வீட்டிலிருந்து வடிவமைப்போ மென்பொருளோ செய்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கணினி. வீட்டில் கேட்கும்போதும் “படிப்புக்கு” என்ற சொல்லுக்கு ஒரு வலு இருக்கிறது. அந்தச் சொல்லை நம்புகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், வாழ்க.

கணினியின் உண்மையான பலம் படத்தரம் அல்ல, விளையாட்டின் விலை. ஸ்டீம் நமக்குத் தெற்காசியாவுக்கான டொலர் விலையைக் காட்டுகிறது; பல விளையாட்டுகள் அமெரிக்க விலையைவிடக் குறைவு, கழிவுக்காலத்தில் இன்னும் குறைவு. எபிக் என்ற இன்னொரு இணையக் கடை வாராவாரம் ஏதாவது ஒரு விளையாட்டை இலவசமாகத் தருகிறது. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் புதிய விளையாட்டை முதலில் அங்கே வாங்கிப் பார்க்கிறேன். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

பூட்டை உடைத்த திருட்டு விளையாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுத் தருகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. கூடவே வருகிற வைரஸ் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையும் எடுத்துப் போகக்கூடும். ‘வாலரண்ட்’, ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’, ‘டோட்டா 2’ எல்லாம் சட்டப்படியே இலவசமாக இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

பணம் குறைவாக இருந்தால் முதலில் கிராபிக்ஸ் அட்டை வாங்காமலே தொடங்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் சில்லு இலகுவான போட்டி விளையாட்டுகளைத் தாராளமாக ஓட்டும். ஒரு நிபந்தனை: 16 ஜி.பி. ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) ஒரே துண்டாக அல்ல, எட்டு எட்டாக இரண்டு துண்டாகப் போடச் சொல்லுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்குகிறது; இரண்டு வழி திறந்தால் வேகம் நன்றாகவே கூடும். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்பார். ஒன்றல்ல. பின்னர் ஆர்.எக்ஸ். 6600 அல்லது ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற கிராபிக்ஸ் அட்டை ஒன்றைச் சேர்த்தால் சாதாரண முழு எச்.டி. திரையில் பெரும்பாலான விளையாட்டுகளை ஆடலாம். அதற்கு மேல் போவது ஆசையின் கணக்கு.

அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னஞ்சிறு மேசைக் கணினிகளைக் “கேமிங்” என்று சிவப்பு விளக்குப் போட்டு விற்கிறார்கள். எச்சரிக்கை. அவற்றின் பெட்டி ஒடுக்கம், மின்வழங்கி அந்த நிறுவனத்துக்கே உரிய அளவு; சாதாரண அட்டை உள்ளே நுழையாது, நுழைந்தாலும் மின்சாரம் போதாது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், வாங்கும் கணினி விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்குமா என்றும் பாருங்கள். ‘வாலரண்ட்’ ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: விண்டோஸ் 11 இல் டி.பி.எம். 2.0 உம் செக்யூர் பூட் உம் (கணினியின் இரண்டு பாதுகாப்பு அம்சங்கள்) இயங்காவிட்டால் அது திறக்காது.

சோனியின் விளையாட்டுக்காகவே கொன்சோல் என்ற வாதம் இப்போது பலவீனமாகிவிட்டது. ‘காட் ஒஃப் வோர்’ 2022 இலும் ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’ 2024 இலும் கணினிக்கு வந்துவிட்டன. பொறுமை இருந்தால் இன்னும் சில வரலாம். ஆனால் 2024 இல் சோனிக் கணக்கு இல்லாத நாடுகளில் சில விளையாட்டுகள் ஸ்டீமிலும் விற்கப்படாமல் நின்றன. வாங்கும் முன் நம் நாட்டுக்கு விலை காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: வி.ஆர். எப்போது?

என் அபிப்பிராயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: வி.ஆர். முதல் இயந்திரமாக வேண்டாம். மூன்றிலும் என்னை அதிகம் வியக்க வைத்தது அதுதான். மூன்றிலும் அதிகம் தூசு படிவதும் அதுதான். ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ (2020) தருகிற உணர்வை எந்தத் திரையும் தராது. அதேசமயம் நம் ஊர் வைகாசி வெக்கையில் முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத் தனி உறுதி வேண்டும்.

அப்படியும் வேண்டும் என்றால், முதலில் அளவு நாடாவை எடுங்கள். நின்று நடந்து ஆட ஏறத்தாழ இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வெற்றிடம் தேவை. பிறகு மேலே பாருங்கள். உட்கூரை தாழ்ந்த வீடுகளில் கையை உயர்த்தினால் மின்விசிறி இருக்கிறது.  விசிறியை நிறுத்தி, நிலத்தில் நிற்கும் விசிறியை முன்னால் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதை வைத்தே எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்றும் தெரியும், தலைச்சுற்றலும் ஓரளவு குறையும்.

அந்தத் தலைச்சுற்றல் பற்றி: கண் “நகர்கிறேன்” என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “நிற்கிறேன்” என்கிறது. இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் வயிறு கலங்குகிறது. முதல் வாரம் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிற விளையாட்டுகளை ஆடுங்கள். தாளத்துக்கு ஏற்ப வெட்டும் ‘பீட் சேபர்’ நல்ல தொடக்கம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். குமட்டல் தொட்ட கணமே கழற்றுங்கள். பல்லைக் கடித்துத் தாங்கினால் பழகும் என்று சொல்வார்கள். அப்படிப் பழகாது; அடுத்த முறை கண்ணாடியைப் பார்த்தாலே குமட்டும்.

திருகோணமலைக்கென்று ஒரு கண்டிப்பான விதி: கண்ணாடியின் உட்பக்க வில்லைகள் வெயிலைப் பார்க்கவே கூடாது. அவை உருப்பெருக்கிகள். யன்னல் வழியே விழும் வெயில் சற்றுநேரத்தில் உள்ளிருக்கும் திரையைச் சுட்டு, அழியாத புள்ளியை விட்டுவிடும். விறாந்தையில் ஆடாதீர்கள், நிலாவெளிக் கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள், கழற்றியதும் பைக்குள் வையுங்கள். வியர்வைக்கு, கழுவக்கூடிய சிலிக்கன் முக உறை வாங்குங்கள். வில்லைகளை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் வேண்டாம்.

எதை வாங்குவது? கணினி இல்லாமலே இயங்குகிற குவெஸ்ட் 3எஸ் தொடக்கத்துக்குப் போதும். 2024 இல் 299 டொலருக்கு வந்தது. நல்ல கணினி இருந்தால் அதே கண்ணாடியைக் கம்பியில்லாமல் அதனோடு இணைக்கலாம், கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கேபிள் போட்டிருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 இன் திரை அருமை, விளையாட்டுகள்தான் பஞ்சம். குவெஸ்டுக்குப் பத்து வயதுக்குக் கீழும் சோனியின் கண்ணாடிக்குப் பன்னிரண்டுக்குக் கீழும் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை என்று நிறுவனங்களே சொல்கின்றன. “ஒரு தடவை பார்க்கட்டுமே” என்று கேட்கும் பெரியம்மாக்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ஆறாம் படி: வாங்கும் நாள்

புதியதை நகரத்துக் கடையில் வாங்குவதா, கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டிப் பக்கம் தேடுவதா? விலை வித்தியாசம் இரவு ரயில் கட்டணத்தையும் ஒரு நாள் அலைச்சலையும் தாண்டினால் மட்டும் போங்கள். பழுதுபட்டால் திரும்பவும் அதே பயணம் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். உத்தரவாதம் தருவது கடையா, இறக்குமதி செய்தவரா என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பழையதை வாங்கினால் விற்பவரின் வீட்டில் அரை மணிநேரம் ஓட விட்டுப் பாருங்கள். விசிறி விமானம் போல இரைகிறதா? டிஸ்க்கை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறதா? கையில் பிடித்து ஆடும் கொன்ட்ரோலரின் குச்சிகளைத் தொடாமல் விட்டால் திரையில் கதாபாத்திரம் தானாக நகர்கிறதா? அப்படி நகர்ந்தால் குச்சி தேய்ந்துவிட்டது, விலையில் ஒரு புதுக் கொன்ட்ரோலரின் பணத்தைக் குறையுங்கள். பின்பக்கத் துளைகளில் டோர்ச் அடித்து, உலோகம் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்; கடலோரச் சாமானின் வயதை அதுதான் காட்டும். இணையத்தோடு இணைத்து, கணக்கோடு உள்நுழைய முடிகிறதா என்றும் சோதியுங்கள். நிறுவனம் தன் இணையச் சேவையிலிருந்து தடைசெய்த கொன்சோலை ஓட்டைப் படகு மாதிரித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வி.ஆர். கண்ணாடி என்றால் வெள்ளைத் திரையைக் காட்டச் சொல்லி வெயில் சுட்ட புள்ளியைத் தேடுங்கள், பழைய உரிமையாளர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா எனக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சில சின்ன வேலைகள். தொலைக்காட்சியில் கேம் பயன்முறையைப் போடுங்கள். போடாவிட்டால் பொத்தானை அழுத்திய பிறகு சற்றுத் தாமதமாகத்தான் திரை அசையும், குற்றத்தை விளையாட்டின் மேல் போடுவீர்கள். கணினியில் எச்.டி.எம்.ஐ. வயரைக் கிராபிக்ஸ் அட்டையில் செருகுங்கள், தாய்ப்பலகையில் அல்ல. 144 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 144 தடவை படம் மாற்றும்) திரை வாங்கியிருந்தால் விண்டோஸ் அமைப்புக்குள் போய் அந்த எண்ணை நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். அது பெரும்பாலும் 60 இலேயே நிற்கும். கொன்சோலில் பிள்ளைகளின் கணக்குக்குச் செலவு எல்லையைப் பூச்சியமாக்குங்கள். பற்றுச்சீட்டை அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த வழுவழுப்பான தாளில் அச்சு நம் வெக்கைக்குச் சில மாதங்களில் வெளுத்துவிடும், உத்தரவாதமோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு.